கல்வி முடிவுக்கும் முதற் சம்பளத்துக்கும் இடையில்: ஓர் உதவியின் சரித்திரம்

பொருநையாற்றுப் பாசனத்தில் வாழும் நம்மவர்க்குக் கார், பிசானம் என்னும் இரு போகங்களின் இயல்பைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாற்று நட்ட நாளுக்கும் கதிர் அறுக்கும் நாளுக்கும் இடையிலுள்ள மாதங்களே குடியானவனுக்குச் சோதனைக் காலம். வயலில் பயிர் நிற்கும். குதிரில் நெல் இராது. அக்காலத்தைக் கடனின்றிக் கடப்பவன் தன் விளைச்சலை மனம்போல் விற்பான். கடன்பட்டவனோ களத்திலேயே அதனைப் பிறர்க்கு அளந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவான். கல்வி கற்ற இளைஞர்க்கும் இத்தகைய ஓர் இடைக்காலம் உண்டு. கடைசிப் பரீட்சை எழுதிய நாளுக்கும் முதற் சம்பளம் கைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே அது. அக்காலத்தில் இளைஞரைத் தாங்கியவர் யாவர், இன்று சர்க்கார் அளிக்கும் உதவித்தொகை எவ்வாறு உண்டாயிற்று, அதனை நம் பிள்ளைகள் இழவாமற் பெறுவது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உமேதுவார் காலம்

நெல்லைச் சீமை 1801 ஆம் ஆண்டில் கும்பினியாரின் நேர் ஆட்சிக்கு உட்பட்டது. அதன்பின் ஜில்லாக் கச்சேரியும் தாலுகாக் கச்சேரிகளும் ஏற்பட்டு, எழுத்தும் கணக்கும் அறிந்தோர்க்கு உத்தியோகம் என்பது ஒரு புதிய சீவனமாயிற்று. ஆயினும் கச்சேரிக்குள் நுழைந்தவுடன் ஒருவர்க்குச் சம்பளம் கிடைத்துவிடவில்லை. சென்னை இராஜதானியின் கச்சேரிகளில் பலர் சம்பளமின்றியே நாள்தோறும் வந்து, நகல் எழுதியும் கணக்குப் பார்த்தும், என்றேனும் ஓர் இடம் காலியாகும் என்று காத்திருந்தனர். இவர்க்கு ‘உமேதுவார்’ என்பது பெயர். ‘உமேது’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு நம்பிக்கை என்பது பொருள். நம்பிக்கை ஒன்றையே ஊதியமாகக் கொண்டு உழைத்தவர்க்கு அப்பெயர் பொருத்தமானதேயாம்.

இவ்வாறு ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வல்லவர் யாவர் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். ஆற்றங்கரையில் இருபோக நஞ்சையுடைய வீட்டுப் பிள்ளை காத்திருக்கலாம். வீட்டு நெல் அவனைக் காக்கும். தேரி நிலத்திலும் கரிசற் காட்டிலும் வானம் பார்த்து உழுத வீட்டுப் பிள்ளையோ, எத்துணைக் கூர்த்த மதியுடையவனாயினும், ஓராண்டு சும்மா உழைப்பதற்கு ஆற்றான். ஆகவே உத்தியோகம் கல்வியினால் மட்டும் அடையப்பெற்றதன்று. கல்விக்குப் பிற்பட்ட வெறுங்காலத்தைத் தாங்கவல்ல குடும்பத்தாரே அதனை அடைந்தனர். சில வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உத்தியோகம் நிலைத்ததற்கும், பல சமூகங்கள் வாயிற்படியிலேயே நின்றதற்கும் இஃதொரு பெருங்காரணமாகும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், இடைக்கால உதவி என்பது சிறு தொகையைப் பற்றிய பேச்சன்று, சமத்துவத்தைப் பற்றிய பேச்சேயாம் என்பது விளங்கும்.

கல்லூரிகளும் சமூக நிதிகளும்

சென்னைச் சர்வகலாசாலை 1857 ஆம் ஆண்டில் தோன்றியது. 1878 ஆம் ஆண்டில் நெல்லை இந்துக் கல்லூரியும் பாளையங்கோட்டைத் தூய யோவான் கல்லூரியும் கல்லூரி நிலையை எய்தின. 1923 ஆம் ஆண்டில் தூய சவேரியார் கல்லூரி தோன்றியது. பெண்மக்களுக்குச் சாராள் தக்கர் கல்லூரி வாய்த்தது. ‘தென்னாட்டு ஆக்ஸ்போர்டு’ என்று பாளையங்கோட்டை பெயர் பெற்றது. படித்தோர் தொகை பெருகப் பெருக, காத்திருப்போர் தொகையும் உடன் பெருகிற்று.

இக்காலத்தில் சமூகங்கள் தாமே முன்வந்து செய்த ஏற்பாடுகள் மறக்கத்தக்கன அல்ல. நம் பக்கத்து வணிகரான நாடார் சமூகத்தார் தம் வியாபாரத்தில் மகமை என்னும் சிறு பங்கை ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்தனர். அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த விருதுபட்டியில் 1889 ஆம் ஆண்டில் அந்நிதியினாலேயே ஒரு வித்தியாசாலை நிறுவினர். 1910 ஆம் ஆண்டில் அவர்தம் மகாஜன சங்கம் தோன்றி, ஏழை மாணவர்க்குக் கல்விக்கடன் அளிக்கும் வழக்கத்தை மேற்கொண்டது. 1921 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் அவர்கள் தொடங்கிய வங்கி, 1962 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்ற பெயருடன் நடைபெற்று வருகின்றது. பிற சமூகத்தாரும் தத்தம் நிலைமைக்கேற்ப விடுதிகளும் உபகாரச் சம்பளங்களும் ஏற்படுத்தினர். இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆனால் இவற்றுட் பெரும்பாலன கற்கும் காலத்துக்கு உதவின. கற்று முடித்த பிற்றை நாளில் மாணவன் விடுதியை விட்டுப் பெட்டியுடன் புறப்பட வேண்டியதுதான்.

1929 ஆம் ஆண்டில் சென்னை இராஜதானியில் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. மாகாணங்களுக்குள் முதன்முதல் அமைந்தது இதுவே. கச்சேரித் தாழ்வாரத்தில் காத்திருப்பதற்குப் பதிலாகப் பரீட்சை எழுதிச் சேரும் வழி இதனால் அகலமாயிற்று. எனினும் அதே ஆண்டில் உலகெங்கும் பொருளாதார மந்தம் தொடங்கியமையால், படித்தோர் வேலையின்றித் தவிப்பது தேசமுழுதும் ஒரு பிரச்சினையாயிற்று. ஐக்கிய மாகாணத்தில் ஸர் தேஜ் பகதூர் சப்ரு அவர்கள் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1935 ஆம் ஆண்டில் இதுபற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது.

சீமையில் நிகழ்ந்தவை

வேலையில்லாதவர்க்குச் சர்க்கார் பணம் தருவது என்னும் வழக்கம் மேனாடுகளில் எவ்வாறு தோன்றிற்று என்பதையும் சிறிது காண்போம். இங்கிலாந்தில் 1909 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழில் தேடுவோர்க்கும் தருவோர்க்கும் இடைநின்று உதவும் நிலையங்கள் 1910 இல் திறக்கப்பட்டன. 1911 ஆம் ஆண்டில் தேசிய இன்ஷ்யூரன்ஸ் சட்டம் பிறந்தது. சில குறித்த தொழில்களைச் செய்வோர் வாரந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்திவர வேண்டும். முதலாளியும் சர்க்காரும் தத்தம் பங்கைச் சேர்ப்பர். வேலை போனால் சில வாரங்களுக்கு அந்நிதியிலிருந்து பணம் கிடைக்கும்.

இதிலுள்ள குறையை வாசகர்கள் எளிதில் அறிவர். முன்பு வேலை செய்து பணம் செலுத்தியவர்க்கே உதவி உண்டு. இதுவரை வேலையே பெறாத, கல்வி முடித்த புது இளைஞன் என்ன செலுத்தியிருப்பான்? இன்ஷ்யூரன்ஸ் முறை அவனைக் கணக்கிற் கொள்ளவில்லை. பின்னர் வறுமை நிலையை விசாரித்து அளிக்கும் உதவிகள் ஏற்பட்ட பிறகே இத்தகையோர்க்கும் இடம் உண்டாயிற்று. அங்கும் அது நிலையாக நின்றதில்லை. 1988 ஆம் ஆண்டில் பதினாறு, பதினேழு வயதினர் பெரும்பாலார்க்கு அவ்வுதவி நிறுத்தப்பட்டது. 2013 முதல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்த யூனிவர்சல் கிரெடிட் என்னும் திட்டத்திலும், விண்ணப்பித்தவர் முதற் பணத்துக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். இடையில் வாங்கும் முன்பணம் பின்னர்ப் பிடித்தம் செய்யப்படும் கடனேயாகும். செல்வம் மிக்க தேசத்திலும் இவ்விடைக்காலம் முற்றும் அடைபட்டதில்லை என்பது இதனால் தெரிகின்றது.

நம் தேசத்தில் உரிமை பிறந்த விதம்

நம் தேசத்தில் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சு என்னும் வேலைவாய்ப்பு நிலையங்கள் 1945 ஆம் ஆண்டில் தோன்றின. இரண்டாம் உலக யுத்தத்தில் பணியாற்றித் திரும்பிய போர்வீரர்க்கு வேலை தேடித் தருவதே அவற்றின் முதல் நோக்கம். 1948 ஆம் ஆண்டில் அவை பொதுஜனங்கள் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டன. 1956 ஆம் ஆண்டு நவம்பரில் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளிடம் ஒப்புவிக்கப்பட்டது. காலியிடங்களை இந்நிலையங்களுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்னும் சட்டம் 1959 இல் இயற்றப்பட்டு, 1960 ஆம் ஆண்டு மே மாதம் முதல் அமுலுக்கு வந்தது.

இதற்கிடையில் 1950 ஜனவரி 26 ஆம் நாள் நம் அரசியற் சாஸனம் நடைமுறைக்கு வந்தது. அதன் 41 ஆம் விதி, அரசு தன் பொருளாதார வலிமைக்கு இயன்ற அளவில், வேலை பெறும் உரிமைக்கும், கல்வி உரிமைக்கும், வேலையின்மை, முதுமை, நோய், அங்கக்குறைவு ஆகிய நிலைகளிற் பொது உதவி பெறும் உரிமைக்கும் வகை செய்ய வேண்டும் எனக் கூறுகின்றது. இது நீதிமன்றம் சென்று நிறைவேற்றிக்கொள்ளத்தக்க விதியன்று. அரசுக்கு வழிகாட்டும் நெறியாகவே அமைந்தது. ஆயினும் வேலையின்றி இருப்பவர்க்கு உதவுதல் தயையன்று, அரசின் கடமை என்னும் கொள்கை இதனால் நிலைநாட்டப்பெற்றது.

இந்நெறியைப் பின்பற்றி மாநிலங்கள் சில முன்வந்தன. நம் மேற்கெல்லைக்கு அப்பாலுள்ள கேரளம் 1982 ஆம் ஆண்டில் வேலையற்றோர் உதவித் திட்டத்தைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் இன்று நடைபெறும் உதவித்தொகைத் திட்டம் 2006 ஆம் ஆண்டில் தோன்றியது. முதலிற் சிறியனவாயிருந்த தொகைகள் பின்னர் இரட்டிப்பாக்கப்பட்டன. இப்பொழுது மாதமொன்றுக்குப் பத்தாம் வகுப்பில் தவறியவர்க்கு 200 ரூபாயும், தேறியவர்க்கு 300 ரூபாயும், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்க்கு 400 ரூபாயும், பட்டதாரிக்கு 600 ரூபாயும் என வகுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கிற் செலுத்துகின்றனர். மூன்றாண்டு வரையில் இதனைப் பெறலாம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் அதிகம். பதிந்து ஓராண்டு நிறைந்தாலே போதும். பத்தாண்டு வரையில் பெறலாம்.

இனி நிபந்தனைகளைக் கூறுவோம். கல்வித் தகுதியை வேலைவாய்ப்பு அலுவலகத்திற் பதிந்து ஐந்தாண்டு நிறைந்திருத்தல் வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் 45 வயதுக்கும், ஏனையோர் 40 வயதுக்கும் உட்பட்டிருத்தல் வேண்டும். நாள்தோறும் கல்லூரி சென்று பயில்பவராகவோ, வேறு ஊதியம் பெறுபவராகவோ இருத்தல் கூடாது. பொறியியல், மருத்துவம், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்பட்டம் பெற்றோர்க்கு இத்திட்டத்தில் இடமில்லை.

மூன்று கடிகாரங்கள்

இத்திட்டத்தின் நன்மையை நாம் மறுப்பவரல்லேம். ஆயினும் சரித்திரம் எழுதப் புகுந்தோர் உள்ளதை உள்ளவாறே கூறல் வேண்டும். ஓர் ஏழை வீட்டுப் பெண் அரசுப் பள்ளியிற் பயின்று, அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒரு கல்லூரியிற் பி.ஏ. படிக்கின்றாள் என்று கொள்வோம். 2022 ஆம் ஆண்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படி அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கின்றது. அவள் தம்பிக்கும் 2024 ஆம் ஆண்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்படி அதே தொகை உண்டு. படிப்பு முடிந்த அன்றே அது நின்றுவிடும். இது முதற் கடிகாரம்.

வங்கியில் கல்விக்கடன் வாங்கியிருந்தால், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கிவிடும். வேலை கிடைத்ததா என்று தவணை காத்திராது. இஃது இரண்டாம் கடிகாரம்.

உதவித்தொகையோ பதிந்து ஐந்தாண்டு சென்ற பின்னரே வரும். இது மூன்றாவது.

முதலது நின்று இரண்டாவது அடிக்கத் தொடங்கி நான்காண்டு கழிந்த பின்னரே மூன்றாவது அசைகின்றது. மணிமுத்தாற்றில் அணை நிரம்பியிருந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமுன் பயிர் கருகிவிட்டால் அத்தண்ணீரால் யாது பயன்? மாதம் 600 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 20 ரூபாய். அச்சிறு தொகையும் படிப்பு முடிந்த முதல் ஆறு மாதங்களிற் கைக்கு வருமாயின், பரீட்சைக் கட்டணத்துக்கும் நேர்முகத்துக்குச் சென்னை செல்லும் இரயிற் செலவுக்கும் உதவும். ஐந்தாண்டுக்குப் பின் வருங்கால், அவ்விளைஞர் கிடைத்த கூலிக்குப் போயிருப்பார். அல்லது அப்பெண்ணுக்கு மணமாகிக் கல்வியே மறந்திருக்கும். ஆதலின் இத்திட்டத்தின் குறை தொகையினும் காலத்திலேயே மிகுதியாக உள்ளது. உமேதுவார் காலத்தில் நெல்லுடைய வீடு காத்திருந்தது. நெல்லில்லாத வீடு பின்வாங்கியது. இருநூறு ஆண்டு கழிந்தும் அந்நிலை அடியோடு நீங்கிற்றில்லை.

நம்மவர் செய்ய வேண்டுவன

சிலர் இவ்வுதவியைச் சர்க்கார் பிச்சையென்று இகழ்ந்து, ‘நம் வீட்டுப் பிள்ளை இதற்குக் கையேந்துவதா?’ என்கின்றனர். பென்ஷன் வாங்கும் முதியவரைப் பிச்சையெடுப்பவர் என எவரேனும் கூறுவரா? பொதுமக்கள் செலுத்தும் வரியினின்று, பொது விதியின்படி, தகுதியுடையார்க்கு வரும் தொகை உரிமையேயாம். வெளியிற் கௌரவம் பேசி, உள்ளே தாயின் வளையலை அடகு வைத்து வட்டி கட்டுவதில் என்ன கௌரவம் இருக்கின்றது? அதே சமயம், தகுதியில்லாதார் வருமானத்தை மறைத்து இத்தொகையைப் பெறுவது ஏழையொருவரின் வாய்ச்சோற்றைப் பறிப்பதற்கு ஒப்பாகும். அதனால் நம் சமூகத்துக்கு இழுக்கே நேரும்.

மற்றொரு தவறான எண்ணமும் பரவியுள்ளது. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து மட்டுமே ஆள் எடுக்க வேண்டுவதில்லை, பத்திரிகையிலும் விளம்பரம் செய்தல் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டார் 1996 ஆம் ஆண்டிற் கூறினர். பெரும்பாலான சர்க்கார் உத்தியோகங்கட்கு இன்று போட்டிப் பரீட்சையே வாயில். இதனால், ‘இனிப் பதிந்து பயன் என்ன?’ என்று இளைஞர் வாளாவிருந்துவிடுகின்றனர். உதவித்தொகைக்குரிய ஐந்தாண்டு அப்பதிவு நாளிலிருந்தே எண்ணப்படுகின்றது என்பதை அவர் அறியார். பத்தாம் வகுப்புத் தேறிய ஆண்டிலேயே பதிந்தவர்க்கு, மேனிலைக் கல்வி இரண்டாண்டும் பட்டக்கல்வி மூன்றாண்டும் முடியுங்கால், அப்பதிவுக்கு ஐந்தாண்டு நிறைந்திருக்கும். பட்டத்துக்குப் பின் முதன்முதற் பதிபவர்க்கோ கணக்கு அன்றுதான் தொடங்கும்.

ஆகவே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் ஆகிய ஒவ்வொன்றையும் சான்றிதழ் கைக்கு வந்தவுடனே பதிதல் வேண்டும். பள்ளியிலேயே பதிந்து கொடுக்கும் வழக்கமும், இணையதளத்திற் பதியும் வசதியும் இப்பொழுது உண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறலாகாது. பத்தாம் வகுப்பிற் பதிந்தவர்க்கு முதற் புதுப்பிப்பு வருவது கல்லூரியின் முதலாண்டு முடியும் தறுவாயில். மறதி நேர்வதும் அப்பொழுதே. பெற்றோர் அம்மாதத்தைச் சுவரிலுள்ள காலண்டரிற் குறித்து வைப்பாராக. ஐந்தாண்டு நிறைந்ததும் விண்ணப்பப் படிவத்தை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திற் பெற்று, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரிடம் வருமானத்துக்குரிய கையொப்பம் வாங்கிச் சேர்ப்பிக்கலாம். ஆண்டுதோறும் தம் நிலைமையைத் தெரிவிக்கும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் அளித்து வரல் வேண்டும். உதவித்தொகை பெறுவதாற் பதிவு ரத்தாகிவிடும் என அஞ்ச வேண்டுவதில்லை, அவ்வாறு ஆவதில்லை. இதற்கெனத் தரகர்க்குக் காசு கொடுத்தல் வீண்.

ஐந்தாண்டு வரை கைகட்டி இருத்தலும் வேண்டா. 1961 ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்படி தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பயிற்சி பெறுவோர்க்கு மாதந்தோறும் உபகாரச் சம்பளம் உண்டு. 2014 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் கலை, வணிகப் பட்டதாரிகளும் அதிற் சேரலாம். 2019 ஆம் ஆண்டு விதிகளிற் பட்டதாரிப் பயிற்சியாளர்க்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையலாகாது எனக் குறிக்கப்பட்டது. உமேதுவார் சம்பளமின்றிக் கற்ற தொழிலை இன்றைய இளைஞர் சம்பளத்துடன் கற்க இஃது இடம் தருகின்றது. இவ்வழி அம்பாசமுத்திரத்திலும் ஸ்ரீவைகுண்டத்திலும் உள்ள நம் வீடுகளில் எத்தனை பேர்க்குத் தெரியும்?

இனிச் சங்கத்தின் கடமை யாது? நம் உபகார நிதி இதுகாறும் கற்கும் காலத்தையே நோக்கிற்று. இனி இடைக்காலத்தையும் நோக்குதல் வேண்டும். படிப்பு முடித்த ஏழைப் பிள்ளைகட்கு ஓராண்டு வரையில் வட்டியின்றி ஒரு சிறு மாதத் தொகை அளித்து, முதற் சம்பளம் வந்தபின் தவணையாகத் திரும்பப் பெறலாம். அவ்வாறு திரும்பி வரும் பணமே அடுத்த ஆண்டுப் பிள்ளைகளைத் தாங்கும். கல்யாணப் பந்தலிலும் வாண வேடிக்கையிலும் ஒரு மாலைப்பொழுதில் நாம் கரியாக்கும் பணம், இரண்டு பட்டதாரிகளை ஓராண்டு காக்கப் போதியதாகும். கிளைச் சங்கந்தோறும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், புதுப்பிக்கும் மாதத்தை நினைவூட்டவும், படித்த இளைஞர் ஒருவரை நியமித்தல் வேண்டும். அன்றியும், ஐந்தாண்டுக் காத்திருப்பைக் குறைக்குமாறு சட்டசபை அங்கத்தினர்களிடத்துச் சமூக பேதமின்றி அனைவருடனும் சேர்ந்து விண்ணப்பித்தலும் நம் கடமையாகும். இத்துன்பம் ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உரியதன்று.

ஒரு பிள்ளையைப் பதினைந்தாண்டு படிக்க வைத்த வீடு, பதினாறாவது ஆண்டின் வறுமைக்கு அஞ்சி அவனைக் கிடைத்த கூலிக்குத் தள்ளிவிடுமாயின், முன்செய்த செலவனைத்தும் பாழாகும். அறுவடைக்கு முந்திய மாதத்திற் பயிரைக் கைவிடும் வழக்கம் நம் ஆற்றங்கரையில் என்றும் இருந்ததில்லை. அங்கத்தினர்கள் யாவரும் தத்தம் வீட்டில் இவ்வாண்டு பரீட்சை எழுதிய பிள்ளைகளின் பதிவைத் தாமே பார்த்து, இல்லாதார்க்கு இம்மாதமே பதிந்து வைக்குமாறு வேண்டுகின்றோம்.